சாக்பீஸ் கேள்வி, சட்டென்று பதில்

இந்த வாரம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே சங்கதி: இங்கிலீஷ் வாத்தியார் ஆவது எப்படி? எனக்குப் பிடித்த விஷயம். மற்ற கேள்விகளெல்லாம் அடுத்த வாரம் வரை காத்திருக்கட்டும்.

வேற வேலை கிடைக்கலேன்னா டீச்சர் ஆயிடலாம் என்கிறார் அப்பா. பி.ஏ. இங்கிலீஷ் முடிக்கப் போகிறேன். ஆகலாமா?
*இறுதியாண்டு மாணவி, திருவாரூர்*

வேறு வேலை கிடைக்காததால் டாக்டர் ஆனவரிடம் அப்பா ஊசி போட்டுக்கொள்வாரா? கேட்டுச் சொல்லுங்கள்.

ஆசை இருந்தால் வாருங்கள், அம்மா. எதிரே நாற்பது பேர் உட்கார்ந்திருப்பார்கள். நீங்கள் பிடித்து வந்தவரா, பிழைக்க வந்தவரா என்று முதல் வாரத்திலேயே கண்டுபிடித்துவிடுவார்கள்.

என் அத்தை ஒரே வருஷத்தில் பி.எட். முடித்தார். எனக்கு மட்டும் ஏன் இரண்டு வருஷம்?
*முதலாண்டு மாணவர், சேலம்*

அத்தை 2015-க்கு முன்னால் படித்தவராக இருப்பார். தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் 2014-ல் விதியை மாற்றியது. 2015-16 முதல் படிப்பு இரண்டாண்டு. அதில் முதலாண்டு 4 வாரமும் இரண்டாமாண்டு 16 வாரமும் பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டும்.

அந்த 20 வாரம்தான் கல்யாணம். மீதியெல்லாம் பத்திரிகை அடிக்கிற வேலை.

படிப்பது பி.எட். வேலையின் பெயர் மட்டும் ‘பி.டி. அசிஸ்டென்ட்’. இது என்ன குழப்பம்?
*வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவுதாரர், திண்டுக்கல்*

முன்னே இந்தப் பட்டத்துக்கு பி.டி. என்று பெயர், ‘பேச்சலர் ஆஃப் டீச்சிங்’. அதற்கும் முன்னே எல்.டி. 1856-ல் தொடங்கி சைதாப்பேட்டையில் வேர்விட்ட ஆசிரியர் கல்லூரியில் சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் பயிற்சி பெற்றது அந்த எல்.டி.க்குத்தான். பட்டம் மாறியது, பதவியின் பெயர் மாறவில்லை. ஊர் சென்னை ஆகிவிட்டது, ஐகோர்ட் மெட்ராஸ் ஐகோர்ட்டாகவே இல்லையா?

மைக்ரோ டீச்சிங்கில் கூடப் படிக்கிறவர்களே எட்டாம் வகுப்புப் பிள்ளைகளாக உட்கார்கிறார்கள். தாடி வைத்த ‘மாணவன்’ கையைத் தூக்கினால் சிரிப்பு வருகிறது.
*பி.எட். மாணவி, நாகர்கோவில்*

சிரித்துவிட்டு கடிகாரத்தைப் பாருங்கள். 6 நிமிஷம் நடத்துதல், 6 நிமிஷம் குறை கேட்டல், 12 நிமிஷம் பாடத்தைத் திருத்தி அமைத்தல், மறுபடி 6 நடத்துதல், 6 குறை கேட்டல். ஆக 36. அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் 1963-ல் பிறந்த முறை. இந்த நேரக் கணக்கு நம் நாட்டுக்கென்று வகுத்தது.

இதில் என்னைக் கவர்ந்த எண் 12. ஆறு நிமிஷம் பேசியதைப் பற்றிப் பன்னிரண்டு நிமிஷம் யோசி என்கிறது. இந்த வழக்கம் மேடைப் பேச்சாளர்களுக்கும் வந்தால் நாடு எவ்வளவு அமைதியாக இருக்கும்!

லெசன் பிளான், ரெக்கார்ட் எல்லாம் எழுதித்தர ஆள் இருக்கிறார்கள். கொடுத்துவிடலாமா?
*பெயர் வேண்டாம் என்றவர், மதுரை*

நீந்தக் கற்றுக்கொள்ளவும் ஆள் வைத்துவிடுங்கள். ஆற்றில் இறங்கப்போவது மட்டும் நீங்கள்.

ப்ளூம்ஸ் டாக்ஸானமியை உருப்போட்டுவிட்டேன். என்ன பிரயோஜனம்?
*பி.எட். மாணவர், கரூர்*

1956-ல் பெஞ்சமின் ப்ளூமும் கூட்டாளிகளும் கட்டிய ஏணி அது. அடிப்படியில் நினைவில் வைத்தல். மேலே போகப் போகப் புரிதல், பயன்படுத்தல், அலசுதல். நம் வகுப்பறைகள் பல முதல் படியிலேயே பாய் விரித்துப் படுத்துவிட்டன. ஏணியைப் பற்றிய பாடத்தையே உருப்போட்டதாகச் சொல்கிறீர்களே, நீங்களும் எழுந்திருங்கள்!

கமிஷன் என்கிற செய்முறைத் தேர்வு அன்று எக்ஸாமினர் வந்து உட்கார்ந்ததும் கை நடுங்கி, போர்டில் தேதியே கோணலாகிவிடுகிறது.
*இரண்டாமாண்டு மாணவி, தஞ்சாவூர்*

முதல் மூன்று நிமிஷத்துக்குள் பிள்ளைகளைப் பேச வைத்துவிடுங்கள். அவர்கள் பேசத் தொடங்கினால் உங்கள் கை தானாக நிற்கும். அனுபவமுள்ள எக்ஸாமினர் உங்களைக் கொஞ்சமும் பிள்ளைகளின் முகத்தை நிறையவும் பார்ப்பார்.

இன்னொன்று. ‘பதில் தெரிந்தால் வலது கை, தெரியாவிட்டால் இடது கை’ என்று முந்தின நாளே வகுப்பில் பேசி வைக்கும் ஏற்பாடு வேண்டாம். வாத்தியார் ஆகும் முதல் நாளிலேயே நாற்பது பிள்ளைகளுக்கு ஏமாற்றக் கற்றுக்கொடுத்த பாவம் வந்து சேரும்.

இன்டர்ன்ஷிப்பில் 45 நிமிஷமும் தொண்டை கிழியப் பேசுகிறேன். ஒன்பதாம் வகுப்பு. ஒரு பிள்ளைகூட இங்கிலீஷில் வாய் திறக்கவில்லை. என்ன செய்ய?
*பயிற்சி ஆசிரியை, விழுப்புரம்*

காரணத்தைக் கேள்வியிலேயே எழுதிவிட்டீர்கள். 45 நிமிஷமும் நீங்கள் பேசினால் அவர்கள் எப்போது பேசுவது? ராத்திரியிலா?

ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் கடைசி பெஞ்சில் கடிகாரத்தோடு உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். நல்ல ஆசிரியை, உழைப்பாளி. உரைநடைப் பாடத்தை வரி வரியாக வாசித்துத் தமிழில் பொருள் சொன்னார். இடையிடையே “அண்டர்ஸ்டாண்ட்?” என்று கேட்டார். நாற்பது தொண்டையும் சேர்ந்து “எஸ் மிஸ்” என்றன. அந்தப் பீரியட் முழுக்கப் பிள்ளைகள் சொந்தமாகப் பேசிய இங்கிலீஷ் அந்த இரண்டு சொல்தான். பக்கத்தில் இருந்த பையன் நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு டிராக்டர் வரைந்துகொண்டிருந்தான். சக்கரத்தின் பட்டை வரை அச்சாக இருந்தது.

இப்போது கணக்குப் போடுவோம். நாற்பது பேர். ஒவ்வொருவராக எழுப்பினால், நீங்கள் வாயே திறக்காவிட்டாலும் தலைக்கு ஒரு நிமிஷம்தான். பக்கத்தில் இருப்பவரோடு பேசச் சொன்னால் ஒரே நேரத்தில் இருபது வாய். பத்து நிமிஷம் ஜோடியாகப் பேசினால் தலைக்கு ஐந்து நிமிஷம். செலவு: கொஞ்சம் சத்தம், தலைமையாசிரியர் ஒரு தடவை எட்டிப் பார்ப்பது.

பேசுவதற்கு விஷயம் கொடுங்கள். “நேற்று ராத்திரி வீட்டில் என்ன சமையல், யார் சமைத்தது, யாருக்குப் பிடிக்கவில்லை?” இதற்குக் கேள்விச் சொற்களும் இறந்தகாலமும் வேண்டும். அந்த டிராக்டர் பையனிடம் நான் மெல்ல, “ஹூஸ் டிராக்டர்?” என்றேன். “மை அங்கிள் டிராக்டர். ரெட் கலர். ஐ டிரைவ். அப்பா நாட் நோ” என்றான். இலக்கணம் நொண்டுகிறதுதான். ஆனால் ஒரு ரகசியத்தை இங்கிலீஷில் சொல்லிவிட்டான் பாருங்கள், அங்கேதான் பாடம் தொடங்குகிறது.

பாடத்தை நடத்துவது வேறு, மொழியை நடத்துவது வேறு. சரித்திர வாத்தியார் அக்பரைப் பற்றிப் பேசினால் போதும், பிள்ளைகள் அக்பராக வேண்டாம். இங்கிலீஷ் வகுப்பில் பிள்ளைகள் இங்கிலீஷ் பேசுகிறவர்களாகவே ஆக வேண்டும். வாயைப் பொத்திக்கொண்டு புல்லாங்குழல் கற்றவர் உண்டா?

அப்படியானால் இங்கிலீஷ் வகுப்பில் தமிழே கூடாதா?
*பட்டதாரி ஆசிரியர், ராமநாதபுரம்*

உப்பு வேண்டாம் என்று யார் சொன்னது? உப்பையே சோறாகப் போடாதீர்கள் என்கிறேன்.

ஓர் அருவமான சொல்லுக்குப் பத்து நிமிஷம் அபிநயம் பிடிப்பதைவிடத் தமிழில் ஒரு நொடியில் சொல்லிவிட்டு மேலே போவது மேல். ஆனால் “ஓபன் யுவர் புக்ஸ்”, “கம் டு தி போர்ட்”, “ஹூ இஸ் ஆப்சன்ட்?” இதையெல்லாம் தமிழில் சொன்னால் தினமும் இலவசமாகக் கிடைக்கிற இங்கிலீஷைக் குப்பையில் கொட்டுகிறீர்கள்.

கற்பித்தல் முறைகள் எல்லாமே வெள்ளைக்காரர்கள் கண்டுபிடித்தவைதானே? நம் ஊர்ப் பங்கு ஏதாவது உண்டா?
*பி.எட். மாணவர், கடலூர்*

கடலூரில் உட்கார்ந்துகொண்டு இந்தக் கேள்வியா!

1979 முதல் 1984 வரை என்.எஸ். பிரபு என்ற அறிஞர் பெங்களூரை மையமாக வைத்து ஒரு சோதனை நடத்தினார். இலக்கணத்தை வரிசை போட்டு நடத்தவில்லை. ரயில் அட்டவணை, வரைபடம் இவற்றைக் கையில் கொடுத்து, “எந்த வண்டியில் போனால் சீக்கிரம் சேரலாம்?” என்கிற மாதிரி வேலை வைத்தார். பிள்ளைகள் விடையைத் தேடினார்கள், தேடுகிறபோதே மொழி ஒட்டிக்கொண்டது. பெங்களூர்ப் பள்ளிகளோடு சென்னையிலும் உங்கள் கடலூரிலும் இது நடந்தது. 1987-ல் அதைப் புத்தகமாக எழுதினார். செயல்வழி மொழிக் கற்பித்தலைப் பற்றி உலகில் யார் பேசினாலும் ‘பெங்களூர் புராஜெக்ட்’டைத் தாண்டிப் போக முடியாது.

உலகம் கடலூரைப் படித்தது. கடலூர் கைடு படிக்கிறது.

ஒரு ஆசிரியர் பயிற்சி பெற்று வந்து பத்துப் பேருக்குச் சொல்ல, அவர்கள் நூறு பேருக்குச் சொல்ல... இந்த ஏற்பாடு புதுசா?
*ஆசிரியப் பயிற்றுநர், வேலூர்*

பழசு. 1960-ஐ ஒட்டி மெட்ராஸ் மாநிலத்தில் ஆரம்ப நிலை இங்கிலீஷ் ஆசிரியர்கள் 27,000 பேருக்கு இப்படிப் பயிற்சி தர முயன்றார்கள். ‘மெட்ராஸ் ஸ்னோபால்’ என்று உலகப் பெயர் வாங்கியது. பனிப்பந்து உருள உருளப் பெருக்கும் என்பது நினைப்பு.

பெயர் வைத்தவர் நம் வெயிலை யோசிக்கவில்லை. கைமாறக் கைமாற உருகி, கடைசி ஆசிரியரின் உள்ளங்கைக்கு ஈரம்தான் வந்தது. கடைசி ஆளையும் நேரில் பார்க்கிற பயிற்சியே பயிற்சி. பயிற்றுநரே கேட்டதால் அழுத்திச் சொல்கிறேன்.

தமிழ்நாட்டுக்கு வெளியே எங்கே போய்ப் படிக்கலாம்?
*ஒரு அம்மா, தேனி*

பன்னிரண்டு முடித்த பிள்ளை என்றால் மைசூருவில் 1963 முதல் இருக்கும் மண்டலக் கல்வி நிறுவனம். பட்டமும் பி.எட்.டும் சேர்ந்த நான்காண்டுப் படிப்பு. பட்டம் முடித்தவர் என்றால் ஐதராபாத்தில் ஆங்கிலம் மற்றும் அயல்மொழிகள் பல்கலைக்கழகம். 1958-ல் மத்திய ஆங்கில நிறுவனமாகத் தொடங்கியது. இரண்டுக்கும் நுழைவுத் தேர்வு உண்டு. பெட்டியை இப்போதே கட்டாதீர்கள், படிக்கச் சொல்லுங்கள்.

நான் இங்கிலீஷ் மேஜர். டெட் என்கிற ஆசிரியர் தகுதித் தேர்வில் என்னிடம் ஏன் சமூக அறிவியலைக் கேட்டு உயிரை வாங்குகிறார்கள்?
*இரண்டு முறை எழுதியவர், தருமபுரி*

உங்கள் கோபம் நியாயமானது. தாள் 2-ல் 150 மதிப்பெண். குழந்தை வளர்ச்சி 30, தமிழ் 30, இங்கிலீஷ் 30, மீதி 60 கணிதம்-அறிவியல் அல்லது சமூக அறிவியல். இங்கிலீஷ் ஆசிரியருக்கு என்று தனி 60 கிடையாது, இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ள வேண்டும். சமையல்காரரைத் தேர்ந்தெடுக்க உட்கார்ந்து, அவர் ரசத்தை ஒரு ஸ்பூன் ருசித்துவிட்டு, இரண்டு ஸ்பூனுக்குத் தையல் வேலையைச் சோதிக்கிற கதை. இதை மாற்ற வேண்டும், உரக்கவே சொல்கிறேன்.

அதற்காக உட்கார்ந்துவிடாதீர்கள். ஆறிலிருந்து பத்து வரை சமூக அறிவியல் பாடநூல், ஒரு நாளைக்குப் பத்துப் பக்கம். மூன்றாம் முறை எழுதிவிட்டு எனக்கு ஒரு கார்டு போடுங்கள்.

முதல் டெட் ரொம்பக் கஷ்டமாமே?
*பள்ளி மாணவி, அரியலூர்*

ஜூலை 2012. 150 கேள்விக்கு 90 நிமிஷம், கேள்விக்கு 36 நொடி. ஆறு லட்சத்துக்கும் மேல் எழுதியதில் இரண்டாயிரத்துச் சொச்சம் பேர் தேறினார்கள். அக்டோபரில் மூன்று மணி நேரம் கொடுத்து மறுபடி நடத்தினார்கள். தோற்றது யார் என்று கடிகாரத்துக்குத் தெரியும்.

டெட் பாஸ். வேலை எங்கே?
*காத்திருப்பவர், புதுக்கோட்டை*

டெட் என்பது கோயில் வாசல், சன்னதி இன்னும் உள்ளே. 2018 அரசாணைப்படி டெட் தேறியவர்களுக்குத் தனியாகப் போட்டித் தேர்வு உண்டு. அதில் உங்கள் பாடம் 150 மதிப்பெண். அதற்கு முன் தமிழ்த் தகுதித் தேர்வு 50 மதிப்பெண், 20 எடுத்தால்தான் மேலே திருத்துவார்கள். இங்கிலீஷ் வாத்தியாராக முதலில் தமிழில் பாஸாக வேண்டும். எனக்கு இது ரொம்பப் பிடித்திருக்கிறது.

2023-ல் இப்படி 2,222 இடங்களுக்கு அறிவிப்பு வந்தது. சம்பள விகிதம் 36,400 முதல் 1,15,700 வரை. தனியார் பள்ளியில் எவ்வளவு என்று கேட்காதீர்கள். பல இடங்களில் அந்தத் தொகையைச் சொன்னால் பள்ளிப் பேருந்தின் டிரைவர்கூட வருத்தப்படுவார். பிள்ளையிடம் வாங்குகிற கட்டணத்தில் ஆசிரியருக்குப் போய்ச் சேர்வது எவ்வளவு என்று பெற்றோர் கூட்டத்தில் ஒரு அப்பாவாவது எழுந்து கேட்க வேண்டும்.

எனக்கு வயது 48. இருபது வருஷ அனுபவம். என்னையும் டெட் எழுதச் சொல்கிறார்களே?
*ஆசிரியை, ஈரோடு*

2025 செப்டம்பர் 1-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது: ஓய்வுக்கு ஐந்தாண்டுக்கு மேல் இருந்தால் இரண்டாண்டுக்குள் தேற வேண்டும். ஐந்துக்குள் இருந்தால் தொடரலாம், பதவி உயர்வுக்கு மட்டும் தேர்வு வேண்டும். இருபது வருஷம் பேனா சிவப்பாகவே இருந்தவருக்கு இது வலிக்கும், எனக்குப் புரிகிறது.

ஒரு யோசனை: உங்களிடம் படித்து இப்போது பி.எட். முடித்திருக்கிற பிள்ளை ஒன்று உங்கள் தெருவிலேயே இருக்கும். சேர்ந்து படியுங்கள். குழந்தை உளவியலை அது சொல்லித் தரட்டும், குழந்தையை நீங்கள் சொல்லிக் கொடுங்கள்.

பையன்கள் ‘இஸ்கூல்’, ‘பஸ்ஸு’ என்கிறார்கள். எவ்வளவு திருத்தினாலும் போக மாட்டேன் என்கிறது.
*பயிற்சி ஆசிரியர், தூத்துக்குடி*

அவர்கள் தொல்காப்பியருக்குக் கட்டுப்பட்ட பிள்ளைகள், ஐயா! தமிழில் மெய்யெழுத்து சொல்லின் முதலில் வராது, அதனால் ‘ஸ்’ முன்னால் ஓர் இகரம் வாசல்படி போடுகிறது. வல்லின மெய்யில் சொல் முடிவதும் தமிழுக்குப் பழக்கமில்லை. அதனால் ‘பேக்’குக்குப் பின்னால் ஓர் உகரம் திண்ணை கட்டி, பேச்சில் ‘பேக்கு’ ஆகிறது. அந்தப் பழக்கம் ‘பஸ்’ வரை நீள்கிறது.

திட்டாதீர்கள். ‘ஸ்ஸ்ஸ்’ என்று பாம்பு மாதிரி சீறச் சொல்லி, அப்படியே ‘கூல்’ சேர்க்கச் சொல்லுங்கள். வகுப்பே சீறும். இகரம் பயந்து ஓடிவிடும்.

‘ஹீ கோ’, ‘ஷீ கம்’... அந்த ‘எஸ்’ மட்டும் ஏன் ஒட்டவே மாட்டேன் என்கிறது?
*பி.எட். மாணவி, நாமக்கல்*

தமிழில் வினைக்கு எப்போதும் வால் உண்டு: போகிறேன், போகிறாய், போகிறான், போகிறாள். இங்கிலீஷ் எல்லா வாலையும் வெட்டிவிட்டு ஒன்றே ஒன்றை விட்டுவைத்திருக்கிறது. இரண்டையும் போர்டில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டுங்கள். ‘அட, நம்மகிட்ட இவ்வளவு இருக்கே, அவங்ககிட்ட ஒண்ணுதானா!’ என்று பிள்ளைக்கு இரக்கம் வந்துவிடும். இரக்கப்பட்டதை மறக்க மாட்டார்கள்.

பாசிவ் வாய்ஸுக்கு நல்ல உதாரணம் சொல்லுங்கள்.
*பயிற்சி ஆசிரியர், கும்பகோணம்*

முதலில் ராவணனை விட்டுவிடுங்கள். ‘ராமா கில்ட் ராவணா’ என்று தலைமுறை தலைமுறையாகக் கொன்றாகிவிட்டது. உங்கள் ஊர் ரயில் நிலையத்துக்குப் போய்க் காதைக் கொடுங்கள். பயணிகள் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள், வண்டி தாமதப்படுத்தப்பட்டிருக்கிறது. யார் தாமதப்படுத்தியது? சொல்ல மாட்டார்கள். அதற்குத்தான் பாசிவ் வாய்ஸ்.

கட்டுரை நோட்டில் எல்லாப் பிழையையும் சிவப்பில் திருத்துகிறேன். அடுத்த வாரம் அதே பிழை!
*பட்டதாரி ஆசிரியை, பொள்ளாச்சி*

நோட்டைத் திறந்ததும் விபத்து நடந்த இடம் மாதிரி இருந்தால் பிள்ளை மூடிவிடும். இந்த வாரம் இறந்தகாலம் மட்டும், அடுத்த வாரம் ‘ஏ, ஆன், தி’ மட்டும். பிழைக்கு அடியில் கோடு போடுங்கள், திருத்துவது பிள்ளை. நன்றாக எழுதிய ஒரு வரிக்குப் பக்கத்தில் அது ஏன் நன்றாக இருக்கிறது என்று நாலு சொல் எழுதுங்கள். அந்தப் பக்கத்தை வீட்டில் அம்மாவுக்குக் காட்டும்.

தமிழ் மீடியத்தில் படித்தவன் நான். இங்கிலீஷ் டீச்சர் ஆகத் தகுதி உண்டா?
*பி.எட். விண்ணப்பதாரர், பெரம்பலூர்*

படிக்கட்டில் தடுக்கி விழுந்தவனுக்குத்தான் எந்தப் படி உடைந்தது என்று தெரியும். லிப்டில் வந்தவரால் அதைச் சொல்ல முடியாது.

வலங்கைமான் என்ற சிற்றூரில் புரோகிதர் வீட்டில் பிறந்த சீனிவாச சாஸ்திரியை இங்கிலீஷ்காரர்களே ‘வெள்ளி நாக்கு’ என்று கொண்டாடினார்கள். அவர் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்தவர். நீங்கள் நம்ம சாதி, வாத்தியார் சாதி. வாருங்கள்.

எத்தனை வார்த்தை தெரிந்தால் போதும்?
*பள்ளி மாணவன், ஊத்துக்குளி*

டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியை நடத்திய மைக்கேல் வெஸ்ட், 1953-ல் மிகவும் பயன்படும் சுமார் 2,000 சொற்களைப் பட்டியல் போட்டார். நாளைக்கு ஐந்து கற்றால் 400 நாள். தம்பி, லீவு நாளிலும் ஐந்து!

மகள் பி.எட். இங்கிலீஷ் சேர்ந்தாள். வீட்டில் எங்களிடம் தமிழே பேச மாட்டேன் என்கிறாள்.
*ஒரு அப்பா, ஆம்பூர்*

பேசட்டும், ஆனால் ஒரு நிபந்தனை போடுங்கள்: பாட்டிக்குப் புரிகிற மாதிரி பேச வேண்டும். புரிய வைத்துவிட்டால் அவள் ஆசிரியை. புரியவில்லை என்றால் பாட்டியிடம் தமிழ் கற்கட்டும்.

போனே மொழிபெயர்க்கிறது. இனி இங்கிலீஷ் டீச்சர் எதற்கு?
*கல்லூரி மாணவர், கோவை*

இன்டர்வியூவில் எதிரே இருப்பவர், “டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப்” என்பார். உங்களைப் பற்றிப் போனுக்கு என்ன தெரியும்? அந்த நிமிஷத்துக்குக் குரல் நடுங்காமல் இருக்க, எட்டாம் வகுப்பிலேயே ஒருவர் உங்களை எழுப்பி நிறுத்தி, தப்பாகப் பேசினாலும் சிரிக்காமல் கேட்டிருக்க வேண்டும். அவருக்குப் பெயர்தான் டீச்சர்.

பதினாறு வாரம் முடிகிறது. வெள்ளிக்கிழமை கடைசி வகுப்பு. பிள்ளைகளிடம் என்ன பேசட்டும்?
*பயிற்சி ஆசிரியை, விழுப்புரம்*

மறுபடியும் நீங்களா! பேசாதீர்கள். சாக்பீஸை அவர்களிடம் கொடுத்துவிட்டு, கடைசி பெஞ்சில் டிராக்டர் வரைகிற பையன் எவனாவது இருந்தால் அவனைக் கொஞ்சம் நகர்ந்து உட்காரச் சொல்லுங்கள்.